பாசி வேடமிடும் கடல் நத்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தூத்துக்குடி): கடற்பாசி போலவே இருக்கும் புதிய கடல் நத்தை இனங்களை விவரித்தார்கள் என்று படித்தேன். பார்த்தால் பாசிதான் என்றால், அது நத்தை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: நீங்கள் படித்தது சாகோப்ரோட்டியஸ் என்ற பேரினமாக இருக்கும். பேட்ரிக் க்ரூக், டெரன்ஸ் கோஸ்லினர், ஏஞ்சல் வால்டெஸ் உள்ளிட்ட குழு 2018-ல் 'சூவாலஜிகா ஸ்கிரிப்டா' ஆய்விதழில் அதை விவரித்தது. இவை ஓடில்லாத நத்தைகள்; உணவு, காலர்பா என்ற பச்சைப் பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் பாறைகளில் பச்சை மணிகள் கொத்துக் கொத்தாகப் படர்ந்திருக்குமே, கடல் திராட்சை என்பார்களே, அந்த வகைதான்.

நத்தையின் முதுகில் உப்பிய குமிழ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் செரிமானச் சுரப்பியின் கிளை ஓடுகிறது. அளவு, உருண்டை, பச்சை மூன்றும் பாசி மணியோடு ஒத்துப்போகும். காலர்பா நச்சுப் பாசி என்பதால் பல மீன்கள் அதைச் சீண்டுவதில்லை. ஆகவே இந்த நத்தை பாசிக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது பாதி உண்மைதான். வெறும் மணல்மேல் தனியாகக் கிடந்தாலும், தின்னத் தகாத பாசித் துண்டு என்றே அது தோன்றும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலர்பா கொத்து ஒவ்வொன்றும் பாறைமேல் படர்ந்த தண்டிலிருந்துதான் எழும். தண்டோடு ஒட்டாமல் ஒரு கொத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு முனையில் இரண்டு உணர்கொம்புகளும், அவற்றின் பின்னால் கடுகைவிடச் சிறிய இரு கருப்புக் கண்களும் தெரியும். பாசிமேல் வெளிறிய சுருள் நாடாவாக முட்டைத்திரள் கிடந்தால், தாய் அருகிலேயே இருக்கிறது என்று பொருள்.

ஆய்வாளர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. பாசியைக் கடல்நீரோடு வெள்ளைத் தட்டில் பரப்பி, நிழலில் அசையாமல் வைத்துவிடுவார்கள். நேரம் போகப்போக நீரில் ஆக்சிஜன் குறையும். நத்தைகள் தாமாகவே தட்டின் விளிம்புக்கு ஏறி வரும். வெயிலில் வைத்தால் பாசியும் அழுகும், நத்தையும் சாகும்.

கேள்வி (நாகர்கோவில்): புதிய இனம் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? நல்ல புகைப்படம் போதாதா?

பதில்: போதாது. இந்த நத்தைகளின் கதையே அதற்குச் சாட்சி. ஜப்பானின் சகாமி விரிகுடாவில் கிடைத்த ஒன்றுக்கு 1949-ல் கிகுடாரோ பாபா 'ஸ்டிலிகர் ஸ்மரக்டினஸ்' என்று பெயரிட்டார். அதன்பின் இந்திய, பசிபிக் கடல்களில் பச்சைக் குமிழோடு எது கிடைத்தாலும் அந்தப் பெயரையே ஒட்டினார்கள். மரபணுவை ஒப்பிட்டபோதுதான், ஒரே முகம் காட்டிக்கொண்டு பல இனங்கள் இருப்பது தெரிந்தது. வேடம் மீனை மட்டும் ஏமாற்றவில்லை, வகைப்பாட்டாளரையும் ஏமாற்றியிருக்கிறது. உணவுப் பாசி ஒரே மாதிரி இருந்தால் அதைப் போலி செய்யும் நத்தைகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் வெளித்தோற்ற ஒற்றுமையை உறவுக்கு ஆதாரமாக இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலை உயிரோடு இருக்கும்போதே தொடங்குகிறது. அளவுகோலை அருகில் வைத்து மேல், பக்கம், அடிப்பாதம் என எல்லாக் கோணங்களிலும் படம் எடுக்க வேண்டும். ஆல்கஹாலில் போட்ட பிறகு நிறம் போய்விடும். அப்போது எழுதும் நிறக் குறிப்பு வெறும் ஞாபகம்தான். எந்தப் பாசிமேல் இருந்தது, எவ்வளவு ஆழம் என்பதையும் அதே இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பாசியிலும் ஒரு துண்டு எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது மயக்கம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு (நீரேறிய படிகம்) கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து, நத்தை இருக்கும் கிண்ணத்தில் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். உணர்கொம்பைத் தொட்டால் இழுத்துக்கொள்ளாத நிலை வரும்வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு நேராக ஆல்கஹாலில் போட்டால் உடல் சுருண்டு கட்டியாகிவிடும், முதுகுக் குமிழ்களும் உதிரக்கூடும். உருவத்தைக் காட்டத்தான் மாதிரி எடுக்கிறோம், அதுவே போய்விட்டால் என்ன பயன்?

மரபணுவுக்கு 95 சதவீத எத்தனால், உள்ளுறுப்பு ஆய்வுக்கு ஃபார்மலின். இரண்டையும் மாற்றிப் போட்டால் வினைதான்: ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஒரே ஒரு நத்தைதான் கிடைத்தது என்றால், பாதத்தின் வால்நுனியில் சிறு துண்டை எத்தனாலுக்கு எடுத்துவிட்டு, மீதியை ஃபார்மலினில் வைப்பார்கள். குமிழிலிருந்து துண்டு எடுப்பது சரியல்ல; உள்ளே பாசிச் சாறு இருப்பதால் அதன் டிஎன்ஏவும் கலந்து வரும். நத்தையின் சளியும் பிசிஆர் வினையை (டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) தடுக்கும். பிரித்தெடுத்த டிஎன்ஏவை நீர்த்துப் பார்ப்பது முதல் வைத்தியம்.

இனங்களை ஒப்பிடப் பொதுவாகப் படிப்பது சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட பகுதி. ஆனால் அது செல்லின் உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருப்பது, தாய்வழியில் மட்டும் வருவது. உட்கருவிலுள்ள ஒரு மரபணுவும் அதே பிரிவைக் காட்டினால்தான் வாதம் நிற்கும். 'இத்தனை சதவீதம் வேறுபட்டால் புதிய இனம்' என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும் கோடு எதுவும் கிடையாது.

இந்தக் குடும்பத்து நத்தைகளுக்குப் பல்வரிசையில் ஒரு நேரத்துக்கு ஒரே பல்தான் வேலை செய்யும். அதைக் கொண்டு பாசிச் செல்லில் துளையிட்டு, இளநீரை உறிஞ்சுவது போலச் சாற்றை உறிஞ்சிவிடும். காலர்பா மீட்டர் கணக்கில் வளர்ந்தாலும் குறுக்குச் சுவர் இல்லாத ஒரே செல் என்பதால் ஒரு துளையே போதும். தேய்ந்த பற்கள் வெளியே விழாமல் வாயருகே ஒரு பையில் சேரும். தலைப்பகுதியை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் தசை கரைந்து பல்வரிசை மட்டும் மிஞ்சும். வடித்த நீரில் கழுவி, தங்கப் பூச்சு ஏற்றி, மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுப்பார்கள். கழுவும்போது நீரோடு சேர்த்துப் பல்லையும் கொட்டிவிடுவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விபத்து. எனவே நுண்ணோக்கிக்குக் கீழேயே வைத்துக் கழுவுவது வழக்கம். பல்லின் வடிவம், ஓரத்தில் ரம்பம் உண்டா இல்லையா, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு ஆகிய மூன்றையும் பழைய விவரணைகளோடு ஒப்பிட வேண்டும். குஞ்சையும் முதிர்ந்ததையும் ஒப்பிட்டு 'வேறுபாடு' என்று எழுதினால் அந்த இனம் நிலைக்காது.

கேள்வி (சென்னை): பெயர் வைப்பதற்கு அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: பெயருக்கு யாரும் அனுமதி தருவதில்லை, விதிகள்தான் உண்டு. பெயருக்கு ஆதாரமான ஒரு மூல மாதிரியைத் தெளிவாகச் சுட்டி, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், 2012 முதல், வெளியாகும் முன்பே சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து அந்தப் பதிவைக் கட்டுரையில் காட்ட வேண்டும். இதை மறந்தால் பெயர் செல்லாது. ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினால் முடிவில் 'ஏஈ' வரும் (சாகோப்ரோட்டியஸ் நிஷே அப்படி முடிகிறது), ஆணென்றால் 'ஐ'.

சேகரிக்கத்தான் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. இந்தியாவில் கிடைத்த புதிய விலங்கினத்தின் மாதிரியை, 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டப்படி, அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கான அத்தகைய காப்பகங்களில் ஒன்று, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம்.

கேள்வி (ராமேஸ்வரம்): எங்கள் ஊர் கடல் அட்டையும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. கடல் அட்டை நட்சத்திர மீனின் உறவு. இது சங்கின் உறவு. கடல் அட்டையை 2001 முதல் பிடிக்கத் தடை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (கோவை): பச்சை நிறம் இருப்பதால் வெயிலிலேயே உணவு தயாரித்துக்கொள்ளுமா? மீன் தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: இதே கூட்டத்தைச் சேர்ந்த எலிசியா குளோரோடிக்கா என்ற நத்தை, பாசியின் பசுங்கணிகங்களை (ஒளியில் உணவு தயாரிக்கும் பச்சைப் பகுதிகள்) செரிக்காமல் மாதக்கணக்கில் உடலில் வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பச்சை நத்தையையும் 'சூரிய சக்தி நத்தை' என்று எழுதுகிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கணிகங்களைச் சேமிக்கும் வேறு இரண்டு இனங்கள் இருட்டிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தன. ஆகவே கணிகம் எவ்வளவு சோறு போடுகிறது என்பது இனத்துக்கு இனம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நிறம் சாட்சி ஆகாது.

வளர்ப்பது கஷ்டம். தனக்குரிய பாசி தவிர வேறெதையும் தொடாது, பட்டினி கிடந்தால் பச்சை மங்கி வெளிறும். காலர்பாவும் தொட்டியில் நம்பகமானதல்ல: திடீரென ஒரே இரவில் பாலணுக்களை வெளியிட்டு வெளுத்துச் செத்து, நீரைப் பச்சைப்பாலாகக் கலக்கிவிடும். பாசியோடு தற்செயலாக வந்த நத்தை என்றால், அதைத் தனிக் கிண்ணத்தில் அதே பாசியோடு வைத்துத் தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பெரிய தொட்டியிலேயே விடுவதாக இருந்தால் பம்பின் உறிஞ்சுவாயை ஸ்பாஞ்சால் மூடிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மாட்டிச் சாகும்.