பெட்டியின் நிறம் போனால் புகை போகுமா? டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

சிகரெட் பெட்டியில் ஏற்கெனவே புற்றுநோய்ப் படம் இருக்கிறதே. ‘வெற்றுப் பெட்டி’ என்று புதிதாக எதைச் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

படம் வேறு, வெற்றுப் பெட்டி வேறு. நம் நாட்டில் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் 15 சதவீதத்தில் நிறுவனம் தன் சின்னத்தையும் பளபளப்பையும் வைத்துக்கொள்ளலாம். வெற்றுப் பெட்டியில் அந்த மிச்சமும் கிடையாது. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா இதை முதலில் கொண்டுவந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் சேற்றுப் பச்சை கலந்த ஒரே பழுப்பு நிறம். பெயர் மட்டும் ஒரே எழுத்துருவில், சிறியதாக. மக்களிடம் காட்டி, யாருக்கும் பிடிக்காத நிறமாகப் பார்த்து எடுத்தார்கள். கியூபா, இந்தோனேசியா முதலிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 2018இல் தோற்றன.

டீக்கடையோடு பெட்டிக்கடையும் வைத்திருக்கிறேன். முழுப் பெட்டி வாங்குபவர் அபூர்வம். எல்லோரும் ஒன்று, இரண்டுதான். பெட்டி எந்த நிறமாக இருந்தால் அவர்களுக்கு என்ன?
– கடைக்காரர், மன்னார்குடி

கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள். பெட்டி உங்கள் மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் ஒன்றை உருவிக் கொடுக்கிறீர்கள். அவர் கல்லாவோரம் தொங்கும் கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்ப்பவர் புகைக்காத நீங்கள்தான்!

மாதச் சம்பளக்காரர் பெட்டியோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் படம் கண்ணில் படும். பெட்டி அழகாக இருந்தால் அதுவும் படும். ஆகவே வெற்றுப் பெட்டி முதலில் தொடுவது அவரைத்தான். நாள் கூலியில் ஒன்றிரண்டாக வாங்குபவரை அது தொடாமலே போகும். இந்தியாவில் 2016-17 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். சிகரெட் பெட்டியைப் பற்றி மட்டும் பேசினால் பெரிய கூட்டம் வெளியே நின்றுவிடும்.

உதிரி விற்பனையைக் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தடை செய்தன. கனடா வேறு வழியில் போனது: 2023இல் வந்த விதிப்படி ஒவ்வொரு சிகரெட்டின் மேலேயே எச்சரிக்கை வாசகம் அச்சாக வேண்டும். நம் ஊர் வழக்கத்துக்கு இரண்டாவது யோசனைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். தடை போட்டால் ஜாடிக்குப் பின்னால் இருக்கும் பெட்டி இன்னும் பின்னால் போகும், அவ்வளவுதான்.

படித்தவர்கள்தான் இதற்கெல்லாம் அசைவார்கள், ஏழைகள் அசைய மாட்டார்கள் என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

‘அசைய மாட்டார்கள்’ என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. விலை ஏறும்போது முதலில் குறைப்பவர்களும் விடுபவர்களும் வருமானம் குறைந்தவர்கள்தான்; ஏழை, பணக்காரர் இடைவெளியைக் குறைப்பதில் வரி உயர்வுக்குத்தான் தெளிவான சான்று இருக்கிறது. வெற்றுப் பெட்டியின் பலம் வேறு இடத்தில்: புதிதாகப் பழகப் பார்க்கும் இளைஞர்களிடம் கவர்ச்சியைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகளில் புகைப்போர் விகிதம் 2.2 சதவீதப் புள்ளி குறைந்ததில், பெட்டி மாற்றங்களின் பங்கு சுமார் 0.55 புள்ளி என்று அந்த அரசின் ஆய்வு கணக்கிட்டது. சின்ன எண்தான், ஆனால் நாடு முழுக்க என்றால் லட்சம் பேரைத் தாண்டும். அதே காலத்தில் அங்கே வரியும் ஏறிக்கொண்டே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நடவுக்குப் போகும் என் மாமியார் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். ‘நான் என்ன புகையா விடுகிறேன்?’ என்று கேட்கிறார்.
– வாசகி, வேதாரண்யம்

புகையிலை விளையும் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வருகிறது! இந்தியாவில் புகைப்பவர்களைப் போல இரு மடங்கு பேர் புகையில்லாமல் புகையிலை பயன்படுத்துகிறார்கள். காகிதத்துண்டில் மடித்துத் தரும் புகையிலைக்கு எந்தப் பெட்டிச் சட்டமும் எட்டாது. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரான காரணம். பாக்கும் தனியே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். புகையிலை அடக்கும் கன்னத்தின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள். நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பீடி இலையில் சுற்றியது. சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுதானே?
– விவசாயி, திருவையாறு

இல்லை. பீடி இலை எளிதில் அணைந்துவிடும்; அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். நுரையீரலுக்குச் சிகரெட்டைவிடக் குறைவாக எதுவும் போவதில்லை. விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

எனக்கு 14 வயது. அப்பா தினமும் என்னைக் கடைக்கு அனுப்பிப் பீடிக்கட்டு வாங்கிவரச் சொல்கிறார். போகலாமா?
– பள்ளி மாணவர், நன்னிலம்

போக வேண்டாம், தம்பி. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘அப்பாவுக்குத்தான்’ என்று சொன்னாலும் கடைக்காரர் உன் கையில் கொடுக்கக் கூடாது. அப்பாவிடம் மறுத்துப் பேசத் தயக்கமாக இருந்தால், கடைக்காரரே கொடுக்க மறுத்துவிட்டார் என்று சொல்லலாம். அதற்கு முன் அந்தக் கடைக்கார அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டி, இனி உனக்குத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்.