நாவலில் சந்தோஷமான காட்சி ஏன் சப்பென்று ஆகிறது?

சண்டை, சாவெல்லாம் எழுத வருகிறது, சந்தோஷம் மட்டும் சப்பென்று போகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், உணர்ச்சியின் பெயரைச் சொல்லிவிடுவதுதான். 'மனம் நிறைந்தது', 'பூரித்துப்போனாள்' வகையறாக்களை அடித்துவிட்டு, உடம்பு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தவள், ஈரத்துண்டு தோளில் கிடக்க, ஃபேனுக்கு நேரே கால் நீட்டி உட்கார்கிறாள். யாரோ கூப்பிட்டும் உடனே பதில் சொல்லவில்லை. இவ்வளவு போதும்.

கூடவே சின்ன இடைஞ்சல் ஒன்று வேண்டும், பத்து நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும் என்பதுபோல. முழு நிம்மதியில் கதை நின்றுவிடும். நீளம் அரைப்பக்கத்தைத் தாண்டினால் (நகைச்சுவை இருந்தாலொழிய) வெட்டிவிடலாம்.

இதற்கான சரக்கை, அதாவது உங்களுக்கே நேர்ந்த சந்தோஷமான தருணங்களை, அன்றன்றே இரண்டு வரி குறித்துவையுங்கள். ஒரு வாரம் விட்டால், 'நல்ல நாள்' என்பது மட்டும்தான் ஞாபகத்தில் மிஞ்சும்.