புக்சோனின் கூரைகள்

அன்புள்ள ஐயா,

கொரியத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கி ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் மகளுடன் சோல் போகிறேன். முதலில் பார்க்க நினைத்திருப்பது புக்சோன். அறுநூறு ஆண்டுகளாக மாறாத கிராமம் என்று படித்தேன். போய்வந்த தோழியோ, எல்லாம் சுற்றுலாவுக்காகப் போட்ட செட் என்கிறாள். எதை நம்புவது?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

இரண்டையும் நம்ப வேண்டாம்.

இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடத்தில் ஜோசன் அரசமரபின் காலத்து உயர்குடியினர் வாழ்ந்தது உண்மை. ஆனால் சரிவில் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஓட்டு வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் எழுந்தவை. அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. நகரின் தெற்கே குடியேறிய ஜப்பானியர்கள் சொங்கேச்சொன் ஓடையைத் தாண்டி வடக்கே வரத் தொடங்கியிருந்தார்கள். ஜோங் செ-க்வோன் என்ற கட்டுமானத் தொழிலதிபர், பிரபுக்களின் பெரிய மனைகளை வாங்கிப் பிரித்து, ஹனோக் எனப்படும் மரபான கொரிய வீடுகளைச் சிறிய அளவில் கட்டிக் கொரியர்களுக்கு விற்றார். தவணையிலும் பணம் கட்டலாம். முற்றம் சுருங்கியது, கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, கூரை விளிம்பில் தகரத் தூம்பு ஏறியது. நாம் அரசர் காலத்துத் தெரு என்று நினைப்பது, சாதாரணக் குடும்பங்கள் ஊரைவிட்டு ஒதுங்கிப் போகாமலிருக்கப் போட்ட மனைப்பிரிவு. இது தெரிந்த பிறகு அந்தக் கூரைகள் எனக்கு இன்னும் பிரியமானவையாகிவிட்டன.

அந்த மனிதர் கொரிய மொழிக் கழகத்துக்கு ஒரு கட்டடத்தையே கொடுத்தார். கொரிய மொழி அகராதி தொகுக்கும் வேலை அங்கே நடந்தது. 1942இல் ஜப்பானியப் போலீஸ் கழகத்தின்மீது பாய்ந்தபோது அவரும் பிடிபட்டார். பறிபோன அகராதிக் கையெழுத்துப் படிகள் 1945இல், விடுதலைக்குப் பின், சோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தன. முதல் தொகுதி 1947இல் வந்தது.

'விண்டர் சொனாட்டா' தொடரைப் பார்த்திருப்பீர்கள். கதையில் சுன்சோன் நகரத்துப் பள்ளியாக வருவது புக்சோனிலுள்ள ஜுங்காங் பள்ளிதான்.

2001 முதல் மாநகராட்சி உதவியுடன் பல வீடுகளைப் புதுப்பித்தார்கள். புது மரத்தைப் பார்த்துத் தோழி செட் என்று எண்ணியிருக்கலாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் அவர்கள் முறையிட்டு முறையிட்டு, 2024 நவம்பரிலிருந்து, நெரிசல் மிகுந்த சந்துகளில் மாலை 5 முதல் காலை 10 வரை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. மீறினால் 1 லட்சம் வோன் அபராதம்.

ஆகவே பத்து மணிக்குப் பிறகு போங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். மகளுக்கு அந்தத் தகரத் தூம்பைக் காட்டுங்கள்.