டைமர் ஓடும்போது தோள் பிடித்தால்...

பிசியோதெரபிஸ்டான எனக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிராஸ்ஃபிட் மாதிரியான வேக வகுப்புகளுக்குப் போகிறவர்களிடமிருந்து. ஆச்சரியம் இல்லை. இந்தப் பயிற்சிகளில் ஏற்படும் காயங்களைக் கணக்கெடுத்த ஆய்வுகளிலும் தோள்பட்டையும் கீழ்முதுகும்தான் திரும்பத் திரும்ப முன்னால் நிற்கின்றன.

உடம்பை வீசிப் புல்-அப் எடுக்கும்போது வலது தோள் குத்துகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் வலி, மேலே போனதும் குறைகிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. ஜிம்மை விட்டுவிடவா? (வயது 29)

ஜிம்மை விட வேண்டாம், வீசி எடுப்பதை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். கை 60 முதல் 120 டிகிரி வரை போகும் இடத்தில் வலித்தால், பெரும்பாலும் ரொட்டேட்டர் கஃப்தான் சிக்கல். தோள்மூட்டு என்பது சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அது உருண்டுவிடாமல் நாலு சிறிய தசைகள் சுற்றிலும் பிடித்திருக்கின்றன. அவைதான் ரொட்டேட்டர் கஃப்.

கிராஸ்ஃபிட்டில் 'ஃப்ரான்' என்ற பயிற்சித் தொகுப்பைச் செய்திருப்பீர்கள். 43 கிலோ த்ரஸ்டரும் (உட்கார்ந்து எழுந்தபடியே கம்பியைத் தலைக்கு மேல் தள்ளுவது) புல்-அப்பும் மாறி மாறி 21, 15, 9. மொத்தம் 45 புல்-அப், அதுவும் டைமரைப் பார்த்துக்கொண்டே. முதல் பத்தில் அந்த நாலு தசையும் ஒழுங்காக வேலை செய்யும். முப்பதைத் தாண்டும்போது அவை களைத்திருக்கும், வீச்சு மட்டும் குறையாது. ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் முழு எடையும் தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணிலும் மூட்டிலும் விழும். பயிற்சியைவிட, களைத்த பிறகும் விடாமல் செய்வதுதான் தோளைக் கெடுக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: ரப்பர் பேண்டை வைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி, எடையைத் தன் பக்கம் இழுக்கும் ரோயிங், பிறகு மெதுவாக, எடையைத் தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். தசைநாண் ஆற மூன்று மாதம்கூட ஆகலாம். அப்புறம், வீசாமல் ஐந்து புல்-அப் எடுக்க முடியாதவர்களை நான் வீசி எடுக்க விடுவதே இல்லை. கோச்சுகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. கையைத் தானாகத் தூக்கவே முடியவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ.யில் கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவிலுள்ள எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். "ஜவ்வு விலகிடுச்சு, இனிமே வெயிட்டே தூக்காதே" என்கிறார்கள். (வயது 34)

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும், முப்பதுகளில் இருப்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வாழ்க்கை முடிந்ததாக நினைக்காதீர்கள். கால் வரை வலி இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். அதன்பின் காலிக் கம்பியிலிருந்து டெட்லிஃப்ட்டை மறுபடி ஆரம்பியுங்கள், டைமர் இல்லாமல்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, காலில் வலு குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

இடைவெளி விட்டு ஜிம்முக்குப் போய் நூறு புல்-அப் எடுத்தேன். இரண்டு நாளாகக் கை வீங்கி நீட்ட முடியவில்லை. சிறுநீர் காபி நிறத்தில் போகிறது.

இவருக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன்: நேராகக் கேஷுவாலிட்டிக்குப் போங்கள் என்று. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணத் தசை வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும், சிறுநீரின் நிறத்தை மாற்றாது. நிறம் மாறினால் தசை சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரேப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கையில் இருக்கிற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது இன்னும் மோசம், அவற்றில் பல சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை.

எட்டு வருடமாகச் சர்க்கரை. இடது தோள் இறுகிக்கொண்டே போகிறது. டிரெய்னர் இழுத்து ஸ்ட்ரெச் செய்கிறார். (வயது 47)

இழுக்க விடாதீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்னொரு கையால் உதவினாலும் திரும்பவில்லை என்றால், ஃப்ரோசன் ஷோல்டராக (தோள்மூட்டின் உறை இறுகிப்போவது) இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம். முரட்டுத்தனமாக இழுத்தால் வலி கூடும். இன்னொன்று: மாடி ஏறினால் அந்த இடது தோள் வலி வருகிறது, கூடவே மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது என்றால் பிசியோவிடம் வராதீர்கள், முதலில் இ.சி.ஜி.

ஐஸா, வெந்நீரா?

முதல் இரண்டு நாள் வலி தாங்கவில்லை என்றால், துணி சுற்றிப் பத்து நிமிடம் ஐஸ். பிறகு வெந்நீர் இதமாக இருந்தால் வெந்நீர். 1978-இல் ஐஸ் வை, அசையாதே என்று எழுதிப் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிக்கொண்டார்.