பேர வாவித் தண்ணீர் அப்படி நாறுகிறதே, அங்கே துடுப்புப் படகு பழகலாமா?

கேட்டவர் கொழும்புக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை விடியற்காலையில் வாவியில் ஒல்லியான நீளப் படகுகள் போவதைக் கண்டு ஆசைப்பட்டாராம். கிட்டப் போய் நின்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாராம். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி போய்ச் சேர்ந்தபோது வயது 39. இப்போது ஆறு வருடமாகிறது. பெரிய கெட்டிக்காரன் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தண்ணீரோடு நல்ல பழக்கம்.

பழகலாம். ஆனால் மணத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதிகமாக நாறிய நாட்களில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டிய நாட்கள் வேறு, அவற்றில் சில நாட்கள் மணமே இல்லாமல் வரும்.

நான் மட்டக்களப்பான். வாவிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தோணி என்ன புதிதா என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஊரில் தோணிக்காரர் போகிற திசையைப் பார்த்து நின்று கம்பு ஊன்றுவார். இங்கே போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இருக்கை சில்லில் ஓடும், காலால் உதைத்துத்தான் படகு நகரும். முன்னால் என்ன வருகிறது என்று சுக்கான் பிடிக்கிற ஆளுக்கு மட்டுமே தெரியும். அவரைக் கொக்ஸ் என்போம். முதல் நாள் நடந்ததை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என்ன மனே, கான் தண்ணிக்கயா தோணி விடுறாய்? அதுக்குக் காசும் குடுத்து?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

அம்மா சொன்னதில் பிழையும் இல்லை. பேர வாவி தானாக உண்டானது அல்ல. போர்த்துக்கேயர் கோட்டைக்குக் காவலாக நீரைத் தேக்கினார்கள், ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்தார்கள். அடிமைகள் நீந்தித் தப்பாமல் இருக்க முதலைகளை விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கரையோர இடத்துக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே பெயர் விழுந்தது. நமக்கு அது கொம்பனித்தெரு. ஆங்கிலேயர் காலத்தில் சரக்கு வள்ளங்கள் ஓடின, கரையெல்லாம் பண்டகசாலைகள். 1864 இல் தொடங்கிய கொழும்பு றோயிங் கிளப் இன்றும் இந்த வாவியை நம்பித்தான் இருக்கிறது. இப்போது மிஞ்சியிருக்கிற தண்ணீர்ப் பரப்பு சுமார் 65 ஹெக்டேயர். சுற்றிலும் நகரம். மழை பெய்தால் தெருக் கான்களில் கிடப்பதெல்லாம் உள்ளே வரும். மழை பெய்யாவிட்டாலும், களவாகப் பொருத்திய கழிவுக் குழாய்கள் இருக்கவே இருக்கின்றன.

கழிவிலும் சவர்க்காரத் தூளிலும் உள்ள பொஸ்பரஸ் பாசிக்குப் பசளை மாதிரி. வாவி எப்போதும் பச்சையாக இருப்பது அதனால்தான். அந்தப் பச்சையில் பெரும்பங்கு மைக்ரோசிஸ்டிஸ் என்கிற நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது பக்டீரியா. ஈரலைத் தாக்கும் நஞ்சை விடக்கூடியது. எந்த நாளில் நஞ்சு இருக்கிறது, எந்த நாளில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

எங்கள் பயிற்சி குழம்பிய கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முந்திய நாட்கள். காற்றே இல்லாத வெக்கை. எங்கள் குழு பாடசாலைப் பிள்ளைகள் குழு அல்ல. வங்கி, கணக்கு, கணினி என்று வேலை பார்க்கிற 11 பேர், எல்லோரும் முப்பது தாண்டியவர்கள். அன்று கொக்ஸாக வந்தது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. காலை ஐந்தே முக்காலுக்கு நாலு பேர் படகை இறக்கினோம். தாமரைக் கோபுரத்தின் வெளிச்சம் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தது. அந்த நேரம் வாவி அழகுதான், அதை மறைக்க மாட்டேன்.

முந்நூறு மீற்றர் போயிருப்போம். துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது வழக்கமாக ஒரு சத்தம் கேட்கும், 'பளக்' என்று. அது கேட்கவில்லை. கூழுக்குள் கரண்டியை விட்ட மாதிரி ஒரு மொத்தச் சத்தம். துடுப்பைத் தூக்கினால் அலகு முழுவதும் பச்சை, சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் மாதிரி வழிகிறது. "அண்ணா, நிப்பாட்டுங்க. முன்னுக்கு எல்லாம் மீன்" என்றாள் அந்தப் பிள்ளை. திரும்பிப் பார்த்தோம். திலாப்பியா மீன்கள், கை அகலத்தில், நூற்றுக்கணக்கில். பாதி மிதந்தன. மீதி வாயை மேலே நீட்டிக் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன.

ஏன் விடியற்காலையில் என்று பிறகுதான் விளங்கிற்று. பகலில் பாசி வெயிலைக் குடித்து ஒட்சிசன் விடும். இரவில் அதுவே ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். ஆகவே இரவெல்லாம் குறைந்து குறைந்து, விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும். காற்று அடங்கியிருந்தால் பாசி மேலே எழுந்து ஆடையாகப் படியும். அதாவது காற்றில்லாத விடியற்காலை, படகு ஓட்டுகிறவன் கும்பிட்டுக் கேட்கிற அதே நேரம், மீனுக்குச் சாவு நேரம்.

ஒரு துடுப்பும் தெறிக்காமல் மெதுவாகத் திரும்பி வந்தோம். கரையில் குழாயைத் திறந்து படகைக் கழுவியபோது சவர்க்காரம் போட்டும் பச்சை போகவில்லை. கழுவும் நீர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தேன். வாவிக்குள்தான்.

அன்றோடு பயிற்சி நின்றது. மூன்று கிழமை, தரையில் வைத்துத் துடுப்புப் பழகுகிற எர்கோ இயந்திரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் துடுப்பு இழுத்தோம். 11 பேர் ஏழானார்கள், பிறகு நாலு. எர்கோவில் உட்காரவா காசு கட்டினேன் என்று ஒருவர் கேட்டார், நியாயம்தான். அப்புறம் இரண்டு ஞாயிறு தியவன்னா ஓயாவுக்குப் போய்ப் பார்த்தோம். பாராளுமன்றத்தைச் சுற்றியிருக்கிற நீர், தேசியப் போட்டிகள் நடக்கிற இடம், விசாலமானது. ஆனால் படகைக் கொண்டுபோவதே ஒரு நாள் வேலை. துடுப்பைத் தாங்குகிற பக்கவாட்டு இரும்புச் சட்டங்களை 10 எம்எம் ஸ்பானரால் ஒவ்வொன்றாகக் கழற்றி, படகை லொறியில் கட்டி, அங்கே போய்த் திரும்பப் பூட்டி, இரண்டு மணித்தியாலம் ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். மூன்றாம் ஞாயிறு ஒருவருக்கும் தெம்பில்லை. நல்லகாலம், மழை வந்தது, பச்சை கலைந்தது. வாவி சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுத் திரும்பினோம்.

அங்கேதான் நாங்கள் முட்டாள்தனம் செய்தோம். பாசி கலைந்தால் கண்ணுக்கு நல்லாக இருக்கும், அவ்வளவுதான். மழைக்கு மறுநாள் என்பது கான்களெல்லாம் வாவிக்குள் வாயைத் திறந்த நாள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் என்றால் எலிக்காய்ச்சல் பயம். நம் நாட்டில் இது வயல்காரர் நோய் என்று பெயர். 2008 இல் 7,000க்கு மேற்பட்டவர்கள் அந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள். கிருமி உள்ளே போக ஒரு சின்னக் காயம் போதும். துடுப்புப் பிடிக்கிறவன் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? கொப்புளம் உடைந்து, காய்ந்து, திரும்ப உடைந்து கிடக்கும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பிரித்தானியப் படகோட்டி அண்டி ஹோம்ஸ் 2010 இல் தமது 51 வயதில் இறந்தார். எலிக்காய்ச்சலின் கடுமையான வகை என்றும், படகு ஓட்டிய நீரிலிருந்து தொற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். தேம்ஸ் நதியின் நிலையும் அப்படித்தான். 2024 இல் அங்கே நடந்த ஒக்ஸ்போர்ட் - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டிக்கு முன், வென்றாலும் கொக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடும் வழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, என் கதை. மழைக்கு மறுநாள் உடைந்த கொப்புளத்தோடு ஓட்டினேன். எட்டோ ஒன்பதோ நாள் கழித்துக் காய்ச்சல், கண் எரிவு, கெண்டைக்கால் உளைவு. எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் அப்படியே. ஆனால் படகோட்டிக்குக் கெண்டைக்கால் எப்போது வலிக்காமல் இருந்தது? முதல் நாள் பனடோல் போட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் மனைவி இழுத்துக்கொண்டு போனார். "வயல்ல இறங்கினீங்களா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லை, பேர வாவியில்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விழுந்திட்டீங்களா?" "இல்லை டொக்டர், நானாகத்தான் போனேன்."

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்கு. எங்கள் வீட்டு மாடியில், நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூச்சட்டியின் தட்டில் நுளம்புக் குடம்பிகள் நெளிவதை மனைவி கண்டுபிடித்தார். வாவி மேல் பழி போட வழியில்லாமல் போய்விட்டது.

இந்த நாற்றம் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கொழும்பும் சென்னையும் 1898 இல் தொடங்கித் தமக்குள் படகுப் போட்டி நடத்துகின்றன, ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே. அவர்கள் ஓட்டுவது அடையாற்றில். அப்படிப் போட்டிக்கு வந்திருந்த சென்னைப் பையன் ஒருவன் எங்கள் வாவியைப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்துக்கு இது எவ்வளவோ தேவலண்ணா" என்றான். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, சாக்கடை அப்படியே நிற்கும், அப்போதுதான் உயிர் போகும் என்றான். இருவரும் மூக்குக் கதை பேசிப் பேசியே சிநேகமானோம். எங்கள் கரையில் எனக்குக் கிடைத்த நல்ல சம்பாஷணைகளில் அது ஒன்று.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். பெருமழை பெய்தால் இரண்டு நாள் இறங்குவதில்லை. தண்ணீர்மேல் ஆடை படிந்திருந்தால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் படகைத் தூக்குவதில்லை. யாராவது ஒருவர் முதலில் படகு இறக்கும் மேடைவரை போய் ஒரு போத்தலில் மொண்டு பார்ப்பார், மேலே பச்சை ஒதுங்கினால் எல்லோரும் வீடு. கொப்புளத்துக்கு நீர்புகாத பிளாஸ்டர். தண்ணீர்ப் போத்தலின் வாய்க்கு மூடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துடுப்புத் தெறிப்பு அதில்தான் விழும். வெறுங்காலோடு கரையில் நடப்பதில்லை. கை கழுவாமல் யாரும் வடையில் கை வைப்பதில்லை, வடை வாங்கி வருவது என் பொறுப்பு என்பதால் இதில் மட்டும் நான் கண்டிப்பு. பிறகு காய்ச்சல் வந்தால் முதல் நாளே போய், வாவியில் ஓட்டுகிறேன் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாது.

நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள், பொய் சொல்லாதீர்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் ஒரு மாதம் மணம் தலைமுடிவரை ஏறும், பிறகு உங்களுக்குத் தெரியாது, வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

அம்மாவிடம் நான் தியவன்னாவில் ஓட்டுவதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.