இருநூறு வருஷத்துச் சட்டம்

வணக்கம் சார்,

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 'ஹோமர் வெர்சஸ் தி எய்ட்டீன்த் அமெண்ட்மெண்ட்' எபிசோடைப் பையனோடு பார்த்தேன். குமாஸ்தா ஒருவர் ஊரின் பழைய சட்ட ஏட்டைத் தூசி தட்டி எடுக்க, அதிலிருந்து மதுவிலக்கு கிளம்பி வருகிறது. இருநூறு வருஷமாக யாரும் சீண்டாத சட்டம் எப்படிச் செல்லும்? சிரிப்புக்காக எழுதியதுதானே?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சட்டத்தை மீறிய ஆளைக் கவண்பொறியில் வைத்து ஊருக்கு வெளியே வீசுவது சிரிப்புக்காகத்தான். சட்டம் செல்லும் என்பது அப்படியில்லை.

யாரும் பயன்படுத்தவில்லை என்பதற்காக ஒரு சட்டம் தானாகச் செத்துவிடாது. ஆங்கிலேயர் மரபில் அதை ரத்து செய்தாக வேண்டும். மேரி ஆஷ்ஃபோர்டு என்ற இளம்பெண்ணைக் கொன்றதாக ஆபிரகாம் தார்ன்டன் மீது 1817-இல் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. ஜூரி விடுதலை செய்துவிட்டது. மேரியின் சகோதரர் பழைய சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி வழக்குப் போட்டார். தார்ன்டன் அதைவிடப் பழையதைக் கையில் எடுத்தார். நீதிமன்றத்தில் ஒரு கையுறையைத் தரையில் வீசி, 'என்னோடு மோதித் தீர்த்துக்கொள்' என்று சவால் விட்டார். அவருக்கு அந்த உரிமை இன்னும் இருக்கிறது என்று 1818-இல் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சகோதரர் சண்டைக்குப் போகவில்லை. தார்ன்டன் வீட்டுக்குப் போனார். 1819-இல்தான் நாடாளுமன்றம் அந்த முறையையே ஒழித்தது.

அதனால் 1997-இல் வந்த இந்த எபிசோடை எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் மீது எனக்குப் பெரிய மரியாதை. அவர் கதையில் சட்டம் செல்லுமா என்று யாரும் சண்டை போடுவதில்லை. போலீஸ் தலைவர் விக்கமின் வேலை போகிறது, அவர் இடத்துக்கு ரெக்ஸ் பேனர் என்ற கறார் அதிகாரி வந்து ஊரையே நடுங்க வைக்கிறார், மோ தன் சாராயக்கடைக்கு வளர்ப்புப் பிராணிக் கடை என்று போர்டு மாட்டுகிறார், கதாநாயகன் ஹோமர் பௌலிங் பந்துக்குள் பீரை நிரப்பி உருட்டிவிடுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் குமாஸ்தா சொல்கிறார்: இந்தச் சட்டம் 199 வருஷம் முன்பே ரத்தாகிவிட்டது. அதாவது, ஒரே வருஷம் இருந்த சட்டம்!

எனக்கு அந்த இடத்தில் சிரிப்போடு பயமும் வந்தது. வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருந்தபோது, திருத்தச் சீட்டுகளைப் பசை தடவிச் சட்டப் புத்தகத்தில் ஒட்டுவது என் வேலை. ஒட்டி ஒட்டிப் புத்தகம் மூடவே மூடாது. எந்தப் பிரிவை நான் வாசித்துக் காட்டினாலும் சீனியர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒட்டினதையும் சேர்த்துப் படிச்சியாப்பா?"

கதை நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் அந்தக் குமாஸ்தாவிடம் இதைக் கேட்க ஒருவர்கூட இல்லை.