கடலுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் படிக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் குடவாசல் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். மகள் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் குரூப். கடல் புவியியல் படித்து நடுக்கடலில் வேலை பார்க்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கே படிக்க வைப்பது, வேலை கிடைக்குமா, பெண் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பலாமா? எண்ணெய்க் கிணறுகளை எதிர்த்து நாங்களே போராடியிருக்கிறோம், அதுவும் உறுத்துகிறது.
– ஒரு வாசகர், குடவாசல்

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம். புவியியல் என்றால் ஜியாகிரபி. பாப்பா தேடுவது நிலவியல், அதாவது ஜியாலஜி. விண்ணப்பம் போடும்போது இந்தக் குழப்பம் வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பெயரே இந்தப் படிப்புக்குள் இருக்கிறது, தெரியுமா? காவிரிப் படுகையின் அடியில், டைனோசர் காலத்துக் கடலில் படிந்த பாறை அடுக்குகளுக்கு நிலவியல்காரர்கள் ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், குடவாசல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் வயலுக்குக் கீழே வெகு ஆழத்தில் கிடக்கும் அந்தக் காலத்துப் பாறைகள் அரியலூர் பக்கம் தரைக்கே வந்துவிடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளைப் போய்ப் பாருங்கள். அங்கே வெயிலில் நாலு மணி நேரம் நடந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடலாம்.

இளங்கலையிலேயே ‘கடல்’ என்ற பெயரைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல பி.எஸ்சி. ஜியாலஜி போதும், சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று நம் பக்கமே இருக்கின்றன. கணக்கையும் இயற்பியலையும் மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கடலடியை நாம் கண்ணால் பார்ப்பதில்லை, ஒலியை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் பார்க்கிறோம். முதுகலையில் கடல் நிலவியலுக்குப் போகலாம், கொச்சியிலும் மங்களூரிலும் அதற்கென்றே எம்.எஸ்சி. நடத்தி வந்திருக்கிறார்கள் (அந்த வருடம் சேர்க்கை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்). ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. வேண்டுமென்றால் ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைக்கிறது. அந்தத் துறையின் ஆய்வுக் கப்பல்தான் சமுத்ர ரத்னாகர்.

வேலை எப்படி இருக்கும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கடலடியிலிருந்து நீளமான குழாயில் மண் மேலே வரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை நெடுக அறுத்துப் பிரித்தால் மேலே மணல், கீழே கருத்த களி, நடுவில் ஒரு சிப்பி. துளி மண்ணை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம், நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களி. இது எதற்கு என்றால், ஜாக்-அப் என்கிற, கடலடியில் காலூன்றி நின்று கிணறு தோண்டும் மேடை (ரிக்) இருக்கிறதே, அது மெல்லிய மணல் அடுக்கின் மேல் கால் வைத்து, அந்த மணலுக்குக் கீழே இளகிய களி இருந்துவிட்டால், ஒரு கால் மட்டும் திடீரென்று புதைந்து மொத்த ரிக்கும் சாயும். மேலே காய்ந்து கிடக்கும் வயலில் டிராக்டரை இறக்கி, அடியில் இருக்கும் சேற்றில் சக்கரம் மாட்டிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உறுத்தல் பற்றி. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது உங்களைப் போன்றவர்களின் போராட்டத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடல் வேலை என்றால் எண்ணெய் மட்டும் இல்லை. துறைமுகம் ஆழப்படுத்த, இணையக் கேபிள் போட, காற்றாலை நட, எல்லாவற்றுக்கும் அடிமண் தெரிந்தாக வேண்டும். தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு நிதியுதவி தர 2024-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எண்ணெய்க்கே போனாலும், 2014-லும் 2020-லும் விலை விழுந்தபோது பல நிலவியலாளர்கள் வேலை இழந்தார்கள், அதை அவளிடம் மறைக்க வேண்டாம். எண்ணெயை மட்டும் நம்பாமல் கடலடி சர்வே வேலையும் கற்றுக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளை என்று தயங்காதீர்கள். ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், வாரக்கணக்கில் கடல், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், குமட்டல். ரிக்குக்கு ஹெலிகாப்டரில் போக வேண்டியிருந்தால் முன்னதாக ஒரு பயிற்சி உண்டு: ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், மூச்சை அடக்கி ஜன்னல் வழியே வெளியே வர வேண்டும். தண்ணீரைக் கண்டு பயப்படாதவர்களுக்கு அது எளிது. அதனால் மேட்டூர் திறந்து உங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்ததும், ஓட்டம் மட்டாக இருக்கும் நாளாகப் பார்த்து, நீங்களே கூட நின்று அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள்.